ஒரு கூரையைக் கிழித்தோம்

வேதாரண்யம் பக்கத்தில் காற்றைத் தடுக்க மலையும் இல்லை, மேடும் இல்லை. கிழக்கே வங்கக் கடல். தெற்கே கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது, அங்கிருந்து பாக் நீரிணை. இரண்டு கடலின் காற்றுக்கும் எங்கள் தோட்டம் திறந்து கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை, கோடையில் சோழகம். ஊரில் யாரும் காற்றைப் பற்றித் தனியாகப் பேசமாட்டார்கள். துணி காயப்போடும்போதும், கூரை வேயும்போதும், வாழை வைக்கும்போதும் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் எதையும் செய்வார்கள்.

மண் முழுக்க மணல். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் கண்ணெதிரே உறிஞ்சிவிடும். இந்த மணலில்தான் மாவும் முந்திரியும் சவுக்கும் முல்லையும் வளர்கின்றன. தோட்டத்துக்கு ஒரு குட்டை இருக்கும். பெண்கள் இரண்டு கையிலும் குடத்தோடு அதில் இறங்கி ஏறிப் பாத்திக்குப் பாத்தி ஊற்றுவார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பிறகு மோட்டார் வந்தது, சொட்டுநீர்க் குழாய் வந்தது. 2014-இல் பசுமைக்குடில் வந்தது.

ஊரில் அதற்குப் பெயர் பாலிஹவுஸ். வளைத்த இரும்புக் குழாய்களை வரிசையாக நட்டு, மேலே 200 மைக்ரான் பாலித்தீன் விரிப்பைப் போர்த்தி, பக்கவாட்டில் பூச்சிவலை கட்டிய நீண்ட கூண்டு. எங்களுடையவை இரண்டு. ஒவ்வொன்றும் 20 அடி அகலம், 60 அடி நீளம். பாதி மானியம், பாதி எங்கள் பணம். எங்கள் பணம் என்பது என் நகை. உள்ளே நாற்று வளர்த்தோம். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பிக் கத்தரி, மிளகாய், தக்காளி விதை போடுவது ஒரு பக்கம். முல்லைப் பதியனும் மா ஒட்டுக்கன்றும் மறுபக்கம்.

அந்தக் கூண்டு எங்களுக்கு எதைக் கொடுத்தது என்று சொன்னால்தான் அது போனபோது எது போனது என்று புரியும். ஐப்பசி மழை மணலில் அடிக்கும்போது திறந்த நாற்றங்காலில் இரண்டிலைக் கன்று நிற்காது. மண் தெறித்து இலையை மூடும், மறுநாள் வெயில் பட்டால் கன்று அழுகும். கோடையில் வேறு தொல்லை. சாயங்காலக் கடற்காற்றில் உப்பு வந்து தளிரின் ஓரத்தைத் தீய்க்கும். விரிப்புக்கு அடியில் இரண்டும் இல்லை. சுற்று வட்டாரத்தில் யாரிடமும் நாற்று இல்லாத மாதங்களில் எங்களிடம் இருந்தது. கருப்பம்புலம், ஆயக்காரன்புலம் பக்கமிருந்தெல்லாம் மொபெட்டில் வந்து தட்டுத் தட்டாக எடுத்துப்போனார்கள். இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவை அந்தத் தட்டுகள்தான் ஏற்றுக்கொண்டன.

என் மாமனாருக்கு மட்டும் அதன்மேல் ஒரு கண். பூட்ட வந்த ஃபிட்டர் தம்பி ஒவ்வொரு காலுக்கும் குழி எடுத்துக் கான்கிரீட் போடும்போது அவர் பக்கத்திலேயே நின்றார். “எவ்வளவு காத்து தாங்கும் தம்பி?” என்று கேட்டார். “நூத்தி இருபது கிலோமீட்டர் தாங்கும் ஐயா” என்று அவன் சொன்னான். மாமா கொஞ்ச நேரம் குழாயைத் தட்டிப் பார்த்தார். “குழாய் தாங்கும்பா. மணல் தாங்குமா?” என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 1952 நவம்பர் கடைசியில் அடித்த புயலில் அவருக்குப் பத்து வயது. 1977 நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினத்தை அடித்த புயலில் அவர் நடுவயதுக்காரர். முதல் புயலைப் பற்றி அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. காற்று ஏறிக்கொண்டே போனபோது அவருடைய அப்பா வீட்டுக்குள்ளிருந்தபடியே கூரையின் கட்டுக் கயிற்றை அறுத்துவிட்டாராம். கீற்று மொத்தமும் பறந்து போனது. நாலு மண்சுவரும் நின்றன. அந்தச் சுவரோரமாகக் குடும்பம் பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூரையைப் பிடித்து வைத்திருந்த அடுத்த வீட்டில் கூரை போகும்போது சுவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. பேரப் பிள்ளைகள் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அது பழங்கதையாகவே இருந்தது.

2018 தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கடலில் புயல் என்றார்கள். முதலில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவில் கரையேறும் என்று சொன்னார்கள். நமக்கு மழைதான் என்று நாங்கள் நினைத்தோம். பிறகு கணிப்பு தெற்கே இறங்கிக் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவில் என்று வந்தது. அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கரை. அதில் எங்கள் ஊர் எங்கோ ஒரு புள்ளி. 15-ஆம் தேதி வியாழக்கிழமை. காலையில் பள்ளிக்கூடம் லீவு, ஊராட்சி ஆட்டோ தெருத் தெருவாக மைக்கில் சொல்லிக்கொண்டு போனது. கடலோரத்து ஆட்களை முகாமுக்கு ஏற்றினார்கள். மத்தியானம் வரை இலைகூட அசையவில்லை. அந்தப் புழுக்கத்தைப் பார்த்த மாமாதான் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

“ரெண்டு கொட்டாயிலயும் மேல இருக்குறத அறுத்து விட்ருங்க.”

என் வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேற்குக் குடிலின் விரிப்பு மூன்று வருஷப் பழசு, எப்படியும் மாற்ற வேண்டியது. கிழக்குக் குடிலுக்கு அந்த ஆடியில்தான் புது விரிப்பு போட்டிருந்தோம். அதன் உள்ளே கார்த்திகை பிறந்ததும் கொடுக்க வேண்டிய மிளகாய், கத்தரி நாற்று வரிசை வரிசையாகத் தயாராக நின்றது. முன்பணம் வாங்கி, அதை விதைக்கும் நார்க்கழிவுக்கும் செலவும் செய்துவிட்டோம். வராமலே போகக்கூடிய புயலுக்காகப் புது விரிப்பை யார் கிழிப்பார்கள்? “அப்பா, இது கீத்து இல்ல. ஸ்பிரிங் கம்பி போட்டு இறுக்கியிருக்கு. ஒண்ணும் ஆகாது” என்றார். ஃபிட்டருக்கும் போன் போட்டார். எல்லாப் பக்கமும் இறுக்கி மூடச் சொன்னான், உள்ளே காற்று போகாமல் இருந்தால் போதும் என்றான். தப்பாகச் சொல்லவில்லை. மூடிய குடிலுக்கு அதுதான் சரியான யோசனை.

அப்பாவும் பிள்ளையும் பேசிப் பேசிக் கடைசியில் ஒரு பாகப்பிரிவினைக்கு வந்தார்கள். மேற்குக் குடிலைக் கிழிப்பது, கிழக்குக் குடிலை இறுக்குவது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மாமா கொடுவாளைக் கட்டிய மூங்கில் கழியோடு மேற்குக் குடிலுக்குள் போனார். வளைவுக்கு வளைவு விரிப்பைக் கீறிக்கொண்டே வந்தார். நாங்கள் அலுமினியச் சட்டத்திலிருந்து ஸ்பிரிங் கம்பியைப் பிடுங்கினோம். எழுபத்தாறு வயது ஆள். அந்த வேலையில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. கிழிந்த விரிப்பைச் சுருட்டி மாட்டுக் கொட்டகையில் போட்டுக் கல் வைத்தோம். அதிலிருந்த பதியன் பைகளை எல்லாம் வீட்டுத் திண்ணைக்கும் கூடத்துக்கும் தூக்கினோம். ஒட்டுக்கன்றுகளைச் சுவரோரம் ஒன்றோடு ஒன்று நெருக்கிப் படுக்கவைத்தோம். கிழக்குக் குடிலில் கதவுக்குக் குறுக்கே சவுக்குக் கட்டை கொடுத்துக் கட்டினோம், பக்கத் திரையை இறக்கி மணல் மூட்டை வைத்தோம். இருட்டியபோது வாடை எழும்பிவிட்டது.

எங்கள் வீடு கான்கிரீட் வீடு. தெருவில் கீற்று வீட்டுக்காரர்கள் குழந்தை குட்டியோடு எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். கூடத்தில் பாதி இடம் பதியன் பைக்கு, பாதி ஆட்களுக்கு. ஒன்பது மணிக்கு முன்பே கரண்ட் போனது. பத்து மணிக்கு மேல் காற்றின் சத்தம் மாறியது. அதுவரை வீசி வீசி நின்றது, பிறகு நிற்கவே இல்லை. தென்னை மட்டைகள் மொட்டை மாடியில் விழுந்தன. பக்கத்துத் தோப்பில் மாமரம் முறிவது பட்டாசுபோல் கேட்டது. ஆனால் வேரோடு சாய்கிற தென்னைக்குச் சத்தமே இல்லை, தரை அதிரும், அவ்வளவுதான். இத்தனைக்கும் நடுவில் ஒரு படபடப்பு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கிழக்குக் குடிலின் விரிப்பு. அது கேட்கும்வரை குடில் இருக்கிறது என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நள்ளிரவு தாண்டி, எப்போது என்று யாரும் பார்க்கவில்லை, காற்று அப்படியே நின்றுபோனது. மழையும் விட்டது. குழந்தைகளின் அழுகை திடீரென்று பெரிதாகக் கேட்டது. எல்லாரும் எழுந்தார்கள். சித்தி ஒருத்தி ஆட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கதவைத் திறந்தாள். மாமா வாசலில் குறுக்கே நின்றார். “யாரும் போவாதீங்க. இது பாதிதான். இனிமே தெக்கேருந்து வரும்.” அவர் பேச்சைக் கேட்டுப் பெரும்பாலானவர்கள் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் டார்ச் லைட்டோடு ஓடிப்போய்த் திரும்பி வந்தார். உடம்பெல்லாம் சேறு, முகம் முழுக்கச் சிரிப்பு. “நிக்குதுப்பா! ஒரு கம்பி கழரல!” மாமா பதில் சொல்லவில்லை.

அந்த அமைதிக்கும் அடுத்து வந்ததற்கும் காரணத்தை நான் பிறகுதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கேயிருந்து கரைக்கு வரும்போது அதன் முன்பக்கம் வடக்கேயிருந்து வீசும். நடுவிலுள்ள கண் நம்மைக் கடக்கும்போது காற்றே இருக்காது. பின்பக்கம் வந்து சேரும்போது அதே வேகம் தெற்கேயிருந்து அடிக்கும். கஜா புயல் 16-ஆம் தேதி அதிகாலை பன்னிரண்டரைக்கும் இரண்டரைக்கும் இடையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியதாக வானிலை மையம் பின்னால் அறிவித்தது. நாங்கள் நேராக அதன் வழியிலேயே இருந்தோம்.

எங்கள் குடில்கள் வடக்கு தெற்காக நின்றன. மூடிய முதுகு வடக்கே, கதவு தெற்கே. ஐப்பசி வாடைக்குப் பயந்து அப்படி வைத்தது. புயலின் முதல் பாதி முழுக்க அந்த முதுகில்தான் அடித்தது, குடில் தாங்கியது. இரண்டாவது பாதி கதவுக்கு நேராக வந்தது. படபடப்பு திரும்பவும் ஆரம்பித்தது. ஏதோ ஒரு நேரத்தில் கனமான துணியை ஒரே இழுப்பில் கிழிப்பதுபோல் ஒன்று கேட்டது, பின்னாலேயே இரும்பு இழுபடும் ஓசை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் ஜன்னலை விட்டு எழுந்து வந்து சுவரோரமாகப் படுத்துக்கொண்டார்.

விடிந்தபோது முதலில் தெரிந்தது வெளிச்சம். எங்கள் வாசலில் என்றைக்கும் அவ்வளவு வெளிச்சம் இருந்ததில்லை. மரம் இல்லை. தென்னைகள் வடக்கே தலைவைத்தும் தெற்கே தலைவைத்தும் கிடந்தன, எது எப்போது விழுந்தது என்பதை அதை வைத்தே சொல்லலாம். கிழக்குக் குடில் இருந்த இடத்தில் கான்கிரீட் குழிகள் மட்டும் இருந்தன. சில குழிகளில் குழாய் அடியோடு முறிந்திருந்தது. சிலவற்றில் கான்கிரீட் கட்டையே மணலை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. குடில் மொத்தமாக உருண்டு வடக்கேயிருந்த மாந்தோப்பில், விழுந்த மரங்களோடு சிக்கிப் பின்னிக் கிடந்தது. புது விரிப்பின் ஒரு துண்டு சாய்ந்த மின்கம்பத்தில் சுற்றியிருந்தது. குழித்தட்டுகள் தெரு முழுக்கக் கிடந்தன. கார்த்திகைக்குக் கொடுக்க வேண்டிய நாற்றில் ஒன்றுகூட வேரோடு மண்ணில் இல்லை.

மேற்குக் குடில் நின்றது. முழுசாக என்று சொல்லமாட்டேன். தென்னை ஒன்று அதன் நடுவில் விழுந்து இரண்டு வளைவுகளை நசுக்கியிருந்தது. பூச்சிவலை நார் நாராகத் தொங்கியது. ஆனால் மற்ற வளைவுகள் வரிசை கலையாமல் நின்றன, ஒரு காலும் மணலில் அசையவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டுக்கும் நடுவில் வெகுநேரம் நின்றார். மாமா வந்து தோளில் கைவைத்தார். “புள்ளைங்க இருக்குல்ல. வா, மொதல்ல பாதையை வெட்டுவோம்” என்றார். நான் சொன்னதைக் கேட்டிருந்தால் என்கிற பேச்சு அன்றைக்கும் அவர் வாயில் வரவில்லை, அவர் இருந்தவரை வரவேயில்லை.

ஏன் ஒன்று போனது, ஒன்று நின்றது என்பதைக் கணக்காகவும் பார்க்கலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 70 கிலோ எடை வைத்ததற்குச் சமம். அது பக்கத்தில் மட்டும் தள்ளுவதில்லை. வளைந்த கூரையின்மேல் ஏறிப் போகும்போது காற்று வேகமெடுக்கிறது, அதனால் கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. கதவோ திரையோ பிய்ந்து காற்று உள்ளேயும் புகுந்துவிட்டால் உள்ளிருந்து தள்ளுவதும் வெளியிலிருந்து இழுப்பதும் ஒன்றுசேரும். எங்கள் குடிலின் மொத்த எடையே அந்த விசைக்கு முன்னால் ஒன்றுமில்லை. விரிப்பு பலவீனமாக இருந்திருந்தால் கிழிந்து பறந்திருக்கும், குழாய் தப்பியிருக்கும். விரிப்பு புதிது, கம்பி இறுக்கம். அதனால் அந்த விசை முழுவதையும் அது குழாய்க்கும் குழாய் வழியாக மணலுக்கும் கொடுத்தது. மாமா கேட்ட கேள்விக்கு மணல் பதில் சொன்னது.

ஆறுகாட்டுத்துறையிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா சில நாள் கழித்து வந்தார். மீன் இல்லை, படகே இல்லை, யார் யார் இருக்கிறோம் என்று பார்க்கத்தான் வந்தார். கிடந்த இரும்பைப் பார்த்துவிட்டு, “பாயை இறக்காம நின்ன படகு மாதிரில்ல கெடக்கு” என்றார். ஃபிட்டரும் நாங்களும் மாமாவும் பேசிய எல்லாமும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது.

அடுத்த வாரங்களில் குடிலை நினைக்க நேரமில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் டெல்டா முழுக்கச் சாய்ந்துவிட்டன. வெளி மாவட்டத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்த மின்வாரிய ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். எங்கள் தெருவில் விளக்கு எரியப் பல வாரம் ஆனது. செல்போன் கோபுரம் விழுந்ததால் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நாங்கள் உயிரோடு இருப்பதைச் சொல்ல முடியவில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் காசு வாங்கிக்கொண்டு போனுக்குச் சார்ஜ் போட்டார்கள், வாடகைக்கு வந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். கடலோரக் கிராமங்களில் கடல் சேறு வீடு வரைக்கும் ஏறிக் கிடந்தது. கோடியக்கரைக் காட்டில் மானும் குதிரையும் செத்து ஒதுங்கின. உப்பளங்களில் குவித்திருந்த உப்பு கரைந்து போனது. நின்ற மரங்களிலும் இலை இரண்டொரு நாளில் கருகிப் பழுப்பானது, நெருப்பு பட்டதைப்போல. காற்று கொண்டுவந்த உப்பு அது.

எங்கள் கூடத்திலிருந்த பதியன்கள் மட்டும் பச்சையாக இருந்தன. மோட்டார் ஓடாததால் நானும் தெருப் பெண்களும் குடத்தை எடுத்துக் குட்டையில் இறங்கினோம். குட்டையில் மாவிலை அழுகித் தண்ணீர் கறுத்திருந்தது. வடிகட்டி ஊற்றினோம். வீட்டில் இடமில்லாமல் அக்கம்பக்கத்தார் உட்கார்ந்திருக்கும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அவர்களேதான், “ஊத்துங்க அண்ணி, இனிமே இதுதானே எல்லாருக்கும் வேணும்” என்றார்கள்.

கணக்கெடுப்பு வந்தது. தென்னைக்குப் பத்தி இருந்தது. மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று அறிவித்திருந்தார்கள். காய்க்கிற ஒரு தென்னைக்கு அது எத்தனை நாளைய வருமானம் என்று விவசாயிக்குத் தெரியும், ஆனாலும் ஒரு கணக்கு இருந்தது. முழுசாகப் போன குடிசைக்கு 10,000 ரூபாய். அதற்கும் பத்தி இருந்தது. எங்கள் பசுமைக்குடிலை எந்தப் பத்தியில் எழுதுவது என்று கணக்கெடுக்க வந்த தம்பிக்குத் தெரியவில்லை. அது வீடு இல்லை. மரம் இல்லை. பயிர் என்றால் எத்தனை ஏக்கர் என்று கேட்கிறது படிவம். தட்டில் இருந்த நாற்றை ஏக்கரில் எப்படிச் சொல்ல? அந்தப் பிள்ளையும் பல நாள் தூங்காதவன்தான். ஓரத்தில் பென்சிலால் ‘கொட்டகை’ என்று எழுதிக்கொண்டு போனான். அதற்கு ஒன்றும் வரவில்லை. அலைந்து பார்த்தோம், பிறகு விட்டுவிட்டோம்.

ஆனால் நாற்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தென்னை வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம், மாவுக்கும் அப்படித்தான். அதுவரை வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. விழுந்த மரத்தை அப்புறப்படுத்திய இடத்தில் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் போட்டால் சில மாதத்தில் காசு பார்க்கலாம். நிழல் இல்லாமல் போனதே காய்கறிக்கு வசதியானது. முல்லைத் தோட்டக்காரர்கள் பட்ட கிளையை வெட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். தரையோடு கிடக்கும் செடி ஆதலால் அடியிலிருந்து துளிர்த்தது, பட்டுப்போன இடத்துக்கு மட்டும் பதியன் கேட்டார்கள். நாற்று யாரிடமும் இல்லாத நேரத்தில் எங்களிடம் குடிலும் இல்லை.

இருந்ததை வைத்துக் கட்டினோம். சாய்ந்த சவுக்கு எங்கே பார்த்தாலும் கிடந்தது. அதைக் காலாக நட்டோம். உருண்ட குடிலின் குழாய்களில் நேராக இருந்த துண்டுகளை அறுத்து இடுப்பளவு வளைவுகளாக வளைத்தோம். கொட்டகையில் கல் வைத்திருந்த பழைய விரிப்பைக் கொண்டுவந்து துண்டு துண்டாகப் போர்த்தினோம். நிமிர்ந்து நடக்க முடியாது, குனிந்தும் தவழ்ந்தும்தான் வேலை. நின்ற மேற்குக் குடிலில் நசுங்கிய இரண்டு வளைவை எடுத்துவிட்டு, கீற்றைப் பின்னி மேலே போட்டோம். அந்த வருஷம் கீற்றுக்குப் பஞ்சமே இல்லை. முன்பணம் கொடுத்தவர்களில் ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. “நாத்தாவே கொடுங்க, எப்ப முடியுதோ அப்ப” என்றார்கள். தையில் கொடுக்க ஆரம்பித்தோம்.

பிறகு மேற்குக் குடிலுக்கு மறுபடி விரிப்பு போட்டபோது என் வீட்டுக்காரரே முறையை மாற்றினார். ஒரே நீள விரிப்புக்குப் பதில் மூன்று துண்டு. ஒரு பக்கம் மட்டும் ஸ்பிரிங் கம்பி, மறுபக்கம் நைலான் கயிற்று முடிச்சு. முடிச்சை அவிழ்த்தால் துண்டு தானாகச் சுருண்டு இறங்கும், கிழிக்க வேண்டியதில்லை. இரண்டு முனையிலும் கதவு. கிழக்குக் குடிலை அந்த உயரத்தில் திரும்பக் கட்டவே இல்லை, இடுப்பளவு வளைவுகளே போதும் என்று விட்டுவிட்டோம். மாமா இதையெல்லாம் பார்த்தார், ஒரு முடிச்சைத் தானே அவிழ்த்துப் பார்த்தார். அதற்கடுத்த கோடையில் அவர் காலமானார்.

2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது நாங்கள் மூன்று துண்டையும் இறக்கிக் கட்டினோம். புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிவிட்டது. எங்கள் ஊரில் மழைதான். “ஒண்ணுமில்லாததுக்கு இப்படிப் பிரிச்சுப் போட்டீங்களே” என்று ஒரு சித்தப்பா சிரித்தார். அடுத்த வாரமே புரெவி என்றார்கள், மறுபடி இறக்கினோம். அது கரைக்கு வருமுன்பே வலுவிழந்துவிட்டது. காற்று வரவில்லை, மழை விடாமல் கொட்டிற்று. தட்டில் தண்ணீர் தேங்கிப் பாதி நாற்று அழுகியது. கூரை இருந்திருந்தால் பிழைத்திருக்கும். சித்தப்பா இதையும் சொன்னார், அதுவும் உண்மைதான்.

ஆனால் கணக்கு இப்படி இருக்கிறது. தேவையில்லாமல் கூரையை இறக்கினால் ஒரு நாள் கூலியும் ஒரு பருவத்து நாற்றில் பாதியும் போகும். தேவைப்படும்போது இறக்காவிட்டால் குழாயும் கான்கிரீட்டும் கடனும் சேர்ந்து போகும். நாற்றை மறு மாதம் விதைத்துக்கொள்ளலாம். எங்கள் கடற்கரையில் எதையும் இழக்காமல் இருக்க வழி கிடையாது. எதை முதலில் விடுவது என்பதை மட்டும் காற்று வருமுன் நாம் முடிவு செய்துகொள்ள முடியும். இப்போது குடில் போடலாமா என்று விசாரிக்க வருகிற இளம் பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை கிலோமீட்டர் வேகம் தாங்கும் என்பது இல்லை. எத்தனை நேரத்தில் கழற்ற முடியும் என்பதுதான்.